மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் வீட்டுக் குப்பைய பிரிச்சு மீள்சுழற்சிக்குக் குடுக்கிறது எப்படி

குப்பை றக்டர் வாற நாளில வீட்டில கிடக்கிற எல்லாத்தையும் ஒரே சொப்பின் பேக்குக்குள்ள திணிச்சு முடிச்சுப் போட்டு கேட்டில தொங்க விடுறதுதான் நம்மட பக்கம் கனபேரிட பழக்கம். அந்த முடிச்சுப் போடுற இடத்திலதான் இந்த நாட்டிட மீள்சுழற்சித் திட்டம் பாதி கெட்டுப் போகுது. போத்தலுக்கு ஆள் இருக்கு, பேப்பருக்கு ஆள் இருக்கு, பேணிக்கும் இரும்புக்கும் சொல்லவே தேவல்ல, ஆனா மீன் தண்ணியில ஊறின பேப்பருக்கும் சோத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கிற போத்தலுக்கும் ஒருத்தரும் வர மாட்டாங்க, அது நேரா குப்பைமேட்டுக்குத்தான் போகும். அதால நான் கீழ சொல்லப்போற எல்லாத்துக்கும் அடி ஒண்டுதான், கலக்காதீங்க. குசினியில கைய விட்டுப் போற அந்த நிமிசத்திலயே ஈரமும் காஞ்சதும் வேற வேறயா விழ வேணும். பிறகு பிரிக்கலாம் எண்டு வச்சா அது நடக்கவே நடக்காது, நாறின பேக்க அவிட்டுப் பிரிக்க யாருக்கும் மனம் வராது.

முதல்ல நாடு எங்க நிக்குது எண்டு சுருக்கமா சொல்லிட்டு செய்முறைக்கு வாறன். 2008இல மத்திய சுற்றாடல் அதிகார சபை பிலிசரு எண்ட பேரில தேசிய திட்டம் ஒண்டத் தொடங்கினது, நகர, பிரதேச சபைகளுக்கு கொம்போஸ்ட் (உக்கின குப்பைப் பசளை) போடுற இடமும் தரம் பிரிக்கிற கொட்டிலும் அமைக்க உதவி செய்றதுதான் அதிட நோக்கம். கட்டிடங்கள் வந்திச்சு, சனத்திட பழக்கம் அந்த வேகத்தில வரல்ல. 2017 சித்திரை வருசப் பிறப்பு அண்டைக்கு கொழும்பு மீதொட்டமுல்லயில குப்பைமேடு சரிஞ்சு வீடுகள மூடி 30 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்குப் பிறகுதான் சட்டங்கள் வரிசையா வரத் தொடங்கினது. அந்த வருசம் செப்டம்பர் 1ஆம் திகதி லன்ச் சீற்றும் 20 மைக்ரோனுக்குக் குறைஞ்ச தடிப்பு உள்ள பொலித்தீனும் ரெஜிபோம் சோத்துப் பெட்டியும் தடை, பிளாஸ்டிக்க வெளியில வச்சு எரிக்கிறதும் தடை. 2021 மார்ச் கடைசியில சாப்பாடும் மருந்தும் அல்லாத சாமானுக்கு வாற சின்ன சஷே பக்கற்றுகளும் பிளாஸ்டிக் தண்டு வச்ச கொட்டன் பட்ஸும் தடை, 2023 ஒக்டோபர் 1இல ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, முள்ளுக் கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு எல்லாம் தடை. 2025 நவம்பர் 1இல இருந்து கடைக்காரர் சொப்பின் பேக்க சும்மா தரக்கூடாது, காசு எடுக்க வேணும், பில்லில காட்டவும் வேணும். இந்தக் கடைசி விசயம் சின்னதாத் தெரியலாம், ஆனா எனக்கு இதிலதான் நம்பிக்கை கூட, ஏனெண்டா சும்மா வாற சாமான ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க, ரெண்டு மூண்டு ரூவா எண்டாலும் காசு குடுக்கணும் எண்டா வீட்டில இருந்து துணி பேக் எடுத்திட்டுப் போற ஆக்கள் கூடுவாங்க.

நம்மட பக்கத்துக் கதை இன்னும் கிட்ட. அதே 2017இலதான் மட்டக்களப்பு திருப்பெருந்துறைக் குப்பைமேடு தீப்பிடிச்சு எரிஞ்சு, புகை தாங்க ஏலாம அந்த ஊர்ச் சனம் றோட்டுக்கு இறங்கினது. அம்பாறையில பள்ளக்காடு எண்டு ஒரு இடம், பக்கத்தில உள்ள ஒம்பது ஊர்க் குப்பை அங்கதான் போய் விழுது. 2022 தை மாசம் அங்க ரெண்டு யானை செத்துக் கிடந்தது, வயித்த வெட்டிப் பாத்தா சமிக்காத பொலித்தீனும் சாப்பாட்டுப் பக்கற்றும். அதுக்கு முன்ன எட்டு வருசத்தில 20 யானை அளவில அந்த இடத்தில செத்திருக்கு எண்டு அப்ப செய்தியில வந்தது. சுத்தி மின்சார வேலி போட்டிருந்தாங்க, 2014இல இடி விழுந்து அது பழுதாப் போச்சு, திருத்தல்ல. யானைக்கு பொலித்தீன் ருசியா என்ன, அதில ஒட்டியிருக்கிற சோத்து மணமும் கறி மணமும்தான் அத இழுக்குது. வீட்டில சோத்தையும் பேக்கையும் வேற வேறயாப் போட்டிருந்தா அந்த மிருகம் அந்தப் பேக்க விழுங்கத் தேவல்ல. ஆகவே இது சுத்தம் பத்தின கதை மட்டும் இல்ல.

இன்னொரு காரணமும் இருக்கு, இத விளங்கிக்கிட்டாத்தான் கீழ சொல்ற வேலைகள் ஏன் எண்டு விளங்கும். நம்மட போத்தலும் கண்ணாடியும் உருகிப் புதுசா மாறுற பெரிய தொழிற்சாலைகள் மேல் மாகாணப் பக்கம், கண்ணாடிப் போத்தல் செய்ற ஆலை ஹொறணையில இருக்கு, பெட் எண்ட பிளாஸ்டிக் தண்ணிப் போத்தல நூலாக்கிற எக்கோ ஸ்பிண்டில்ஸ் கம்பனியும் அந்தப் பக்கம்தான். மட்டக்களப்பில இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல. வெறும் போத்தல அப்பிடியே லொறியில ஏத்தினா லொறி நிறைய ஏறுறது காத்துத்தான், டீசல் காசுக்கும் கட்டாது. அதாலதான் நம்மட பக்கம் யாவாரிமார் பிளாஸ்டிக்குக்கு குறைஞ்ச விலை சொல்றாங்க, சில ஊரில எடுக்கவே வாறதில்ல. போத்தல நசிச்சு, காய வச்சு, ஒரு றோட்டுச் சனம் சேந்து மொத்தமா குடுத்தா அந்தக் கணக்கு மாறும்.

எத்தின வாளி, எங்க வைக்கிற

மூண்டு போதும். நாட்டில ஒரு நிறக் கணக்கு இருக்கு, பச்சை உக்கிறதுக்கு, நீலம் பேப்பருக்கு, ஒறேஞ்ச் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் தகரத்துக்கும் இரும்புக்கும். பள்ளிக்கூடத்திலயும் ஆஸ்பத்திரியிலயும் அந்த அஞ்சு நிறமும் வேணும்தான், வீட்டில அஞ்சு வாளி வைக்கப் போனா ஒரு கிழமையில எல்லாருக்கும் அலுத்துப் போகும். குசினியில மூடி உள்ள ஒரு சின்ன வாளி ஈரக் குப்பைக்கு. பின் விறாந்தையில மழை படாத இடத்தில ஒரு உர பேக்க ஆணியில வாய் விரிய மாட்டி விடுங்க, காஞ்ச சாமான் எல்லாம் அதுக்குள்ள. கக்கூசுப் பக்கம் ஒரு சின்ன வாளி, பம்பஸ், பேட், பிளாஸ்டர் மாதிரி ஒண்டுக்கும் உதவாததுக்கு. அவ்வளவுதான். ஈர வாளி குசினிக்கு வெளியில இருந்தா ஆக்கள் சோம்பலில கிட்ட இருக்கிற பேக்குக்குள்ளயே போடுவாங்க, அதால கை எட்டுற தூரத்தில, காய்கறி வெட்டுற இடத்துக்குக் கீழயே வைங்க.

வீட்டில வயசான ஆக்கள் இருந்தா அவங்களுக்கு விளங்கப்படுத்திறது லேசு, உம்மாவோ மாமியோ அந்தக் காலத்தில கஞ்சித் தண்ணிய மாட்டுக்கும் மீன் கழிவ தென்னைக்கும் பேப்பர கடைக்கும் பிரிச்சுக் குடுத்த ஆக்கள்தான். கஸ்டம் நடுவில உள்ள நம்மளுக்குத்தான்.

ஈரக் குப்பை

வீட்டுக் குப்பையில பாதிக்கு மேல இதுதான், இத வீட்டிலயே முடிச்சிட்டா றக்டருக்குப் போறது பாதிக்குக் கீழ வந்திடும், நாத்தமும் போகும், றக்டர் ஒரு கிழமை வராட்டியும் கவலை இல்ல. அதால இதில கொஞ்சம் விரிவாச் சொல்றன்.

வளவு உள்ள ஆக்கள் மர நிழலுக்குக் கீழ ஒரு மூலையத் தெரிவு செய்யுங்க, கிணத்தில இருந்து நல்லாத் தள்ளி. நம்மட கரையோரம் முழுக்க மணல், தண்ணி மட்டம் மேல நிக்கும், மாரிக்கு கிணறு வாய் வரைக்கும் வரும், கிடங்கு வெட்டிக் குப்பை தாக்கிற பழக்கம் இந்த மண்ணுக்குக் கூடாது, அந்த அழுக்கு நேரா குடிக்கிற தண்ணிக்குள்ளதான் இறங்கும். கிடங்கு வேணாம், நிலத்துக்கு மேல கட்டுங்க. சபை குடுக்கிற கொம்போஸ்ட் பரல் இருந்தா நல்லம், இல்லாட்டி நாலு தடிய நட்டு சுத்திவர பழைய மீன் வலையோ கிடுகோ கட்டினா அதுவே போதும்.

அடியில பொச்சுமட்டைய கவுத்து ஒரு படை அடுக்குங்க, மழைத் தண்ணி வடியும், கீழால காத்தும் போகும். அதுக்கு மேல காஞ்ச இலை, சருகு. மறுகா குசினி வாளியக் கொட்டி அதுக்கு மேல ரெண்டு மடங்கு காஞ்ச சாமான் போடுங்க, மா இலை, முருங்கை இலை, உமி, மரத்தூள், கிழிச்ச மட்டைப் பெட்டி, எதுவும் சரி. இந்த ஒண்டுக்கு ரெண்டு எண்ட அளவு கட்டாயம். நம்மட ஆக்கள் காஞ்ச இலையக் கூட்டி பின்னேரத்தில எரிச்சுப்போட்டு வெறும் சோத்தையும் காய்கறித் தோலையும் பரலுக்குள்ள போட்டிட்டு நாறுது புழு வருது எண்டு கைவிடுறாங்க. எரிக்கிற அந்தச் சருகுதான் கொம்போஸ்டுக்கு உயிர். வளவு கூட்டின சருக உர பேக்கில அடைஞ்சு பரலுக்குப் பக்கத்திலயே வைங்க, ஒவ்வொரு தரமும் ஒரு வாளிக்கு ரெண்டு வாளி.

இடைக்கிட ஒரு கை மாட்டுச் சாணமோ பழைய பசளையோ தூவினா வேகமா உக்கும். கிழமைக்கு ஒருக்கா மண்வெட்டியாலயோ கம்பாலயோ கிளறி விடுங்க, நடுவில கை வச்சாச் சுடும், அது நல்லது, வேலை நடக்குது எண்டு அர்த்தம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்க, விரலுக்கு இடையால ஒரு துளி ரெண்டு துளி கசிஞ்சா ஈரம் கணக்கு, ஒழுகினா சருகு போடுங்க, உதிர்ந்து போனா தண்ணி தெளியுங்க. எறும்பு கட்டினா காஞ்சு போச்சு எண்டு விளங்கிக்கோங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில பரல் காஞ்சு போகும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வேணும், மாரி தொடங்கினா மேல கிடுகோ தகரமோ போட்டு மூடுங்க, மூடாட்டி சத்து முழுக்க கழுவிப் போயிடும். மூண்டு மாசமளவில அடியில கறுப்பா மண் மணத்தோட பசளை இருக்கும். மண் மணம் வராம புளிச்ச மணம் வந்தா இன்னும் கொஞ்ச நாள் விடுங்க.

மீன் கழிவுதான் நம்மட பக்கம் எல்லாரும் கேக்கிற கேள்வி. மீன் செதில், குடல், இறால் கோது எல்லாம் உக்கும், நல்ல பசளையும் கூட, ஆனா மேல போட்டா காகமும் நாயும் கபரகொய்யாவும் விடாது. குவியலுக்கு நடுவில ஒரு முழம் தோண்டி அதுக்குள்ள போட்டு, மேல மரத்தூளோ உமியோ சாம்பலோ தடிப்பா மூடுங்க. இல்லாட்டி தென்னைய விட்டு ஒரு பாகம் (ஆறடியளவு) தள்ளி ஆழம் குறைஞ்ச ஒரு குழி வெட்டித் தாட்டு விடுங்க, அதுவும் கிணத்துப் பக்கம் வேணாம். பெரிய எலும்பு, எண்ணெய் கனக்க உள்ள கறி, இதுகள் போடாதீங்க. இளநீர்க் கோம்பையும் சிரட்டையும் பரலுக்குள்ள போட்டா கனகாலம் எடுக்கும், சிரட்டைய அடுப்புக்கு வைங்க, கோம்பைய நாலா வெட்டி கவுத்து மரத்தடியில போடுங்க. அண்ணாந்து கிடக்கிற சிரட்டையில மழைத் தண்ணி நிண்டா டெங்கு நுளம்புக்கு அது போதும், மாரி காலத்தில இத மறந்திடாதீங்க.

காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை மாதிரி சுவரோட சுவர் ஒட்டின ஊரில வளவு எங்க எண்டு கேப்பீங்க. ரெண்டு பழைய பெயின்ற் வாளி எடுங்க, அடியிலயும் சுத்திவரயும் ஆணியச் சூடாக்கி ஓட்டை போடுங்க, அடியில பொச்சு, ஒண்டு நிறைஞ்சா மூடி வச்சிட்டு மற்றத நிரப்புங்க, இது நிறையக்குள்ள முதல் வாளி உக்கி பாதிக்கு இறங்கியிருக்கும். மீன் கழிவ மட்டும் இதில போடாம வேறயா வச்சு றக்டருக்கு குடுங்க. மிஞ்சின சோறு பக்கத்து வீட்டுக் கோழிக்கோ ஆட்டுக்கோ போகட்டும். இதுவும் ஏலாட்டி ஈரக் குப்பைய மட்டும் ஒரு வாளியில தனியா சபைக்குக் குடுத்தாலே பெரிய காரியம், சபையிட கொம்போஸ்ட் கொட்டிலுக்கு சுத்தமான ஈரக் குப்பை கிடைக்கிறதுதான் தங்கம். 2021இல இரசாயன உரத்த ஒரேயடியா நிப்பாட்டினப்ப அம்பாறை வயல்காரர் சேதனப் பசளை தேடி அலைஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கலந்த குப்பையில செய்ற கொம்போஸ்டில கண்ணாடித் துண்டும் பொலித்தீன் கிழிசலும் வரும், அத எந்த விவசாயி வெறுங்காலோட நிக்கிற வயலுக்குள்ள கொட்டுவான்.

காஞ்ச சாமான்

போத்தல்தான் கூட வாறது. தண்ணிப் போத்தல், சோடாப் போத்தல் அடியில முக்கோணத்துக்குள்ள 1 எண்டு இருக்கும், அது பெட். மூடி வேற பிளாஸ்டிக், 2 அல்லது 5. மூடியக் கழட்டி வேறயாப் போடுங்க, லேபிளக் கிழிச்சிருங்க, கொஞ்சம் தண்ணி விட்டுக் குலுக்கி ஊத்துங்க, சோப் தேவல்ல, வெயிலில ஒரு மணித்தியாலம் கவுத்து வச்சிட்டு கால வச்சு நசிச்சு பேக்குக்குள்ள போடுங்க. மூடி ஏன் எண்டா ரெண்டும் உருகிற சூடு வேற, ஒண்டோட ஒண்டு கலந்தா நூல் அறும். ஒரு வாளித் தண்ணியில வெட்டிப் போட்டுப் பாருங்க, மூடித் துண்டு மிதக்கும், போத்தல் துண்டு தாழும், தொழிற்சாலையிலயும் இதே முறையிலதான் கடைசியா மிஞ்சினத பிரிக்கிறாங்க. 3 எண்டு இருக்கிறது பீவிசி, பைப் துண்டு மாதிரி சாமான், அத போத்தல் பேக்குக்குள்ள விடவே விடாதீங்க, கொஞ்சம் போனாலும் பெட் உருக்கக்குள்ள கருகி முழு வார்ப்பையும் பழுதாக்கும்.

ஷம்பு போத்தல், எண்ணெய்க் கான், உடைஞ்ச வாளி, கதிரை, பேசின் இதெல்லாம் 2உம் 5உம், கட்டிப் பிளாஸ்டிக் எண்டு யாவாரிமார் தனியா எடுப்பாங்க, இதுக்கு விலையும் பரவாயில்ல. தண்ணிப் போத்தல் கட்டி வாற மெல்லிசான பொலித்தீன், மெத்தை சுத்தி வாற பொலித்தீன் சுத்தமா இருந்தா மடிச்சு ஒரு பேக்கில சேருங்க, சிலர் எடுப்பாங்க. யோகட் கப் 6, அதுக்கு நம்மட பக்கம் வாங்கிற ஆள் காணுறது கஸ்டம், கழுவி கண்டு போடப் பாவியுங்க. பிஸ்கட் பக்கற், மிக்சர் பக்கற், பால்மாப் பக்கற், உள்ளுக்க வெள்ளியா மினுங்கிற எல்லாமே பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டின படை, பிரிக்க ஏலா, வாங்கவும் மாட்டாங்க. இதுகள் றக்டருக்குத்தான், ஆனா எரிக்க வேணாம். அடுப்பில போட்டா நெருப்பு நல்லாப் பிடிக்கும் எண்டு சிலர் போடுறாங்க, அந்தப் புகை முதல்ல போறது ஊதிக்கிட்டு இருக்கிற பொம்புளையிட நெஞ்சுக்குள்ள, மறுகா பக்கத்தில படுத்திருக்கிற புள்ளைக்கு.

பேப்பருக்கு ஒரே விதி, நனையக்கூடாது, எண்ணெய் படக்கூடாது. கொப்பி, பத்திரிகை, மட்டைப் பெட்டி வேற வேறயாக் கட்டுங்க, மட்டைய விரிச்சு மட்டமாக்குங்க. நம்மட வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில வைக்கோலில கடதாசி செய்யத் தொடங்கின ஆலை, பிறகு பழைய கடதாசிக்கு மாறினது, இடையில மூடிக் கிடந்தும் திரும்ப ஓட வச்சாங்க. பழைய பேப்பர் ஒரு மூலப்பொருள் எண்டு நம்மட மாவட்டத்துக்கு வேற ஒருத்தரும் படிப்பிக்கத் தேவல்ல.

பேணி, தகரத்துக்கு காந்தம் ஒண்டு வச்சிருங்க. ஒட்டினா இரும்பு, ஒட்டாம லேசா இருந்தா அலுமினியம், அலுமினியம் விலை கூட, சோடா ரின் அதுதான், அத வேறயா வைங்க. மீன் ரின்ன ஒருக்கா அலசி கவுத்து வைங்க, எறும்பும் வராது, தண்ணியும் நிக்காது. கண்ணாடிப் போத்தல உடைக்காமக் குடுங்க, முழுசா இருந்தா திரும்பப் பாவிக்க எடுப்பாங்க.

உடைஞ்ச கண்ணாடி பத்தி தனியாச் சொல்லியாகணும். தரம் பிரிக்கிற ஒரு கொட்டிலுக்கு நான் போயிருந்தன், றக்டர் குப்பையக் கவுத்து விட்டவுடன சுத்தி நிண்ட அக்காமார் முள்ளுக் கரண்டி மாதிரி ஒரு இரும்பால இழுத்து இழுத்து பேக்குகளக் கிழிச்சாங்க. ஒரு அக்கா போத்தல் ஒண்ட எடுத்து மூடியத் திருகி ஒரு சாக்குக்குள்ள எறிஞ்சு, உள்ளுக்க நிண்ட பழைய தேத்தண்ணிய ஊத்தி, பெருவிரல் நகத்தால லேபிளக் கீறி இழுத்து, போத்தல மற்ற சாக்குக்குள்ள போட்டா, இவ்வளவும் நான் மூச்சு விடுற நேரம். அடுத்த பேக்க அழுத்தக்குள்ள ரியூப் பல்ப் உடைஞ்ச துண்டு கையுறையக் கிழிச்சு உள்ளங்கையில ஏறிச்சு. துணியால சுத்திக்கிட்டே "தம்பி, போத்தல் கழுவாட்டியும் நாங்க பாத்துக்கிறம், கண்ணாடிய மட்டும் பேப்பரில சுத்தி வைக்கச் சொல்லுங்க"ண்டா. அதால தயவு செஞ்சு உடைஞ்ச கிளாஸ், பீங்கான், பிளேட், ஊசி எல்லாத்தையும் தடிச்ச பேப்பரில சுத்தி, இல்லாட்டி வெறும் பேணிக்குள்ள போட்டு வாய நசிச்சு, மேல பெரிய எழுத்தில கண்ணாடி எண்டு எழுதி வேறயாக் குடுங்க. பம்பஸும் பேட்டும் பேப்பரில சுத்தித்தான் போகணும், அதையும் இன்னொரு மனிசர் கையாலதான் தொடுறாங்க. ரியூப் பல்ப், சீஎஃப்எல் பல்ப் உடைஞ்சா உள்ளுக்க பாதரசம், உடையாம பழைய மட்டைக் கூட்டுக்குள்ளயே வைங்க. பழைய போன், சார்ஜர், பற்றரி ஒரு டப்பாவில சேத்து வச்சு இலத்திரனியல் கழிவு சேக்கிற நாள் அறிவிச்சா குடுங்க, வீட்டில ஒரு டப்பா நிறைய ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும், அவசரம் ஒண்டும் இல்ல.

வலைக்காரர் வீடுகளுக்கு ஒரு சொல்லு. கிழிஞ்ச நைலோன் வலையக் கடலிலயோ வாவியிலயோ விடாதீங்க, அது வருசக் கணக்கா ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடிச்சுக்கிட்டே கிடக்கும். உலத்தி, மிதப்பையும் ஈயக் குண்டையும் கழட்டி, சுருட்டி வைங்க, ஒரு கரைவலை வாடியில பத்துப் பேர் சேத்தா ஒரு லோட் வரும்.

விக்கிறதும் குடுக்கிறதும்

தனி வீடா நிண்டு யாவாரியக் கூப்பிட்டா அவருக்கு வாற செலவுக்கும் கட்டாது. ஒரு ஒழுங்கையில உள்ள வீடுகள் சேந்து ஒரு வீட்டுப் பின் விறாந்தையில மூண்டு பெரிய சாக்கு வைங்க, போத்தல், கட்டிப் பிளாஸ்டிக், பேப்பர். மாசத்தில ஒரு நாளக் குறிங்க. நசிச்ச போத்தல் ஒரு சாக்குக்குள்ள நசிக்காதத விட மூண்டு நாலு மடங்கு போகும். யாவாரி வந்து தராசக் கொழுவ முன்ன உள்ளங்கையால சாக்கிட அடிய அழுத்திப் பாப்பார், ஈரம் பட்டா "அண்ணன், தண்ணிக்கும் சேத்து நிறுக்க ஏலா"ண்டு விலையக் குறைப்பார், அது நியாயம்தான், காய வச்சிருந்தா அந்தப் பேச்சே வராது. நிறுக்கக்குள்ள பக்கத்தில நில்லுங்க, ரெண்டு யாவாரிட்ட விலை கேளுங்க, வாற காச ஒழுங்கைக்குப் பொதுவா வைங்க, லைட் போடவோ பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு கொப்பி வாங்கவோ உதவும். காசு கனக்க வராது எண்டு முதல்லயே எல்லாரிட்டயும் சொல்லிருங்க, காசுக்காகத் தொடங்கினா முதல் மாசத்தோட நிண்டுடும்.

சபையோட பேசுறது அடுத்த வேலை. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டப்படி குப்பைய அகற்றுறது சபையிட கடமை, நீங்க கேக்கிறது உதவி இல்ல. 2025 மே மாசம் தேர்தல் நடந்த சபைகளில இப்ப வட்டார உறுப்பினர் இருக்காங்க, அவருக்கு எழுத்தில குடுங்க, ஒழுங்கையில உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டு. குப்பை வேணாம், நாறுது, நடவடிக்கை எடுங்க எண்டு பொதுவா எழுதினா அந்தக் கடிதம் பைலுக்குள்ள போயிடும். இப்பிடிக் கேளுங்க, எங்கட ஒழுங்கைக்கு ஈரக் குப்பைக்கு எந்த நாள், காஞ்ச குப்பைக்கு எந்த நாள் எண்டு ரெண்டு நாளாப் பிரிச்சுத் தாங்க, நாங்க பிரிச்சுத் தாறம், கலந்து வச்சிருந்தா எடுக்க வேணாம். றக்டர் பெட்டிக்கு நடுவில ஒரு பலகை போட்டு ரெண்டாப் பிரிக்கக் கேளுங்க, இது கட்டாயம், ஏனெண்டா வீட்டில பிரிச்சுக் குடுத்தத றக்டரில ஒண்டாக் கொட்டிறதக் கண்ணால கண்ட சனம் அதுக்குப் பிறகு எந்த ஜென்மத்திலயும் பிரிக்காது. எங்கட பக்கத்தில ஒரு சபையில இப்பிடித்தான் நல்லாத் தொடங்கின திட்டம் ரெண்டு மாசத்தில படுத்தது, பிரிச்ச பேக்குகள் ஒரே பெட்டிக்குள்ள விழுந்தது, பொம்புளைகள் பாத்துக்கிட்டே நிண்டாங்க.

இனி வாற காலத்தில என்ன எண்டு கேட்டா, 2021இல இருந்து 2030 வரைக்கும் பிளாஸ்டிக் கழிவுக்கு ஒரு தேசிய செயற்திட்டம் இருக்கு, 2025 தை முதலாம் திகதி கிளீன் ஸ்ரீலங்கா எண்டு அரசாங்கம் தொடங்கின வேலையும் ஓடுது. எல்லாத்த விடவும் எனக்கு முக்கியமாப் படுறது செஞ்சு விக்கிற கம்பனியே திரும்ப எடுக்கிற பொறுப்பு. அந்த மினுங்கிற பக்கற்ற ஒருத்தராலயும் வீட்டில பிரிக்க ஏலா எண்டா அத அப்பிடிச் செய்றவன்தான் வழி சொல்லணும், பொத்துவில் மூலைக் கடை வரைக்கும் பிஸ்கட் கொண்டாற லொறி வெறுமையாத்தான் திரும்பிப் போகுது, அந்த லொறியிலயே நசிச்ச போத்தல ஏத்தி அனுப்பினா 300 கிலோமீற்றர் கணக்கு பாதி தீந்துடும். வட்டார உறுப்பினருக்குக் குடுக்கிற கடிதத்தில இதையும் ஒரு வரி எழுதுங்க, சபைகள் சேந்து கேட்டா கம்பனிகள் காது குடுக்கும்.

திருவிழா, சடங்கு, கந்தூரி, கல்யாணம் நடக்கக்குள்ள இதெல்லாம் ஒரே நாளில சறுக்கும், அதுக்கு முன்கூட்டியே ஆயத்தம் வேணும். மாமாங்கத்து ஆடி அமாவாசைக்கும் வைகாசிச் சடங்குகளுக்கும் தாகசாந்திப் பந்தல் போடுற ஆக்கள் பிளாஸ்டிக் கப்புக்குப் பதிலா எவர்சில்வர் டம்ளர் ஒரு நூறு, கழுவ ரெண்டு பெரிய பேசின், கழுவ நாலு பொடியனுகள் எண்டு பிரிங்க, பிளாஸ்டிக் கப் 2023இல இருந்தே தடைதான். சாப்பாட்டுக்கு வாழை இலை, இலைகள் நேரா மாட்டுக்கோ கொம்போஸ்டுக்கோ. பந்தலுக்குப் பக்கத்தில ரெண்டு சாக்கு வச்சு அதுக்குக் கிட்ட ஒரு ஆள் நில்லுங்க, வெறும் வாளிய வச்சிட்டுப் போனா கலந்துதான் விழும். உகந்தையில இருந்து குமண, யாலக் காட்டுக்குள்ளால கதிர்காமம் நடக்கிற ஆக்கள் தண்ணிக் கான் ஒண்டு, துணி பேக் ஒண்டு, வெறும் பக்கற்றக் கட்டிக் கொண்டு வர ஒரு சின்னச் சாக்கு, மூண்டையும் பொதிக்குள்ள இப்பவே எடுத்து வைங்க. காட்டுக்குள்ள குப்பை றக்டர் வராது, யானை வரும்.